நேற்று எத்தனை விமானம் பறந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு என்னிடம் கேட்பார்கள்: "சார், பைலட் ஆகணும்னா எந்த ஸ்கூல் நல்லது? ஃபீஸ் எவ்வளவு ஆகும்?" விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பள்ளியில் நேற்று எத்தனை விமானம் பறந்தது? எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்கவில்லை, எத்தனை பறந்தது என்று கேட்கிறேன்.

காரணம் இருக்கிறது. நம் நாட்டில் சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இரவில் பறக்க வேண்டும். வெளியூர் விமான நிலையங்களில் இறங்கி ஏறி, 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர், ஒரே பயணமாகப் போய்வர வேண்டும்.

இப்போது ஒரு மனக்கணக்கு. ஒரு பள்ளியில் 60 மாணவர்கள், பறக்கிற நிலையில் 6 விமானங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விமானம் நாளைக்கு 5 மணி நேரம் பறந்தால் மொத்தம் 30 மணி நேரம். பங்கு போட்டால் ஆளுக்கு அரை மணி. 200 மணி நேரம் சேர 400 நாள் ஆகும். மழை, மூட்டம், விடுமுறை போக மாதம் 20 நாள் பறந்தால் 20 மாதம். ஆறில் மூன்று பறக்காமல் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நின்றுவிட்டால்? 40 மாதம். ஃபீஸ் அதேதான். ஆனால் ஹாஸ்டல், சாப்பாடு, பேங்க் வட்டி எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஈரோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் நினைவுக்கு வருகிறார். மகனை வெளி மாநிலத்தில் ஒரு பள்ளியில் சேர்த்திருந்தார். எனக்கு போன் செய்தார். "சார், பையன் சேர்ந்து ஒன்றரை வருசம் ஆச்சுங்க. எழுபது மணி நேரம்தான் ஓட்டியிருக்கானுங்க. பணம் மொத்தமும் கட்டிப்போட்டனுங்க. கேட்டா, அடுத்த மாசம் சரியாயிடும்ங்கறாங்க" என்றார். சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று அவரோடு போனேன்.

வரிசையாக விமானங்கள் நின்றன. விளம்பரப் படத்தில் பார்த்த அதே வரிசை. வேகத்தை அளப்பதற்காக இறக்கையின் கீழ் ஒரு சின்னக் குழாய் இருக்கும். விமானம் நிற்கும்போது தூசியும் பூச்சியும் போகாமல் அதற்கு ஓர் உறை மாட்டுவார்கள். உறையில் சிவப்புத் துணி தொங்கும், பறக்கும் முன் கழற்ற மறக்கக் கூடாது என்பதற்காக. அங்கே பாதி விமானங்களில் அந்தச் சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டிருந்தது. ஒன்றில் டயர் காற்றிறங்கித் தரையோடு அமுங்கியிருந்தது. அன்று காலை ஓடிய எஞ்சின் இரண்டே இரண்டு. அந்த அப்பா துணியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பையன் வேறு பள்ளிக்கு மாறி முடித்தான். கட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை.

பள்ளியைப் பார்க்கப் போகிற பெற்றோரே, ஆபீஸ் ரூமில் காபி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். காலை ஆறு மணிக்கே போய் ஓடுதளம் தெரிகிற இடத்தில் நின்று எண்ணுங்கள். சீனியர் மாணவரிடம் லாக்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார் என்று அதில் இருக்கும். இன்ஸ்ட்ரக்டர்கள் எத்தனை பேர், எவ்வளவு நாளாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஏர்லைன்ஸில் வேலை கிடைத்தால் அவர்கள் போய்விடுவார்கள். விமானம் இருந்தும் ஓட்டக் கற்றுத்தர ஆள் இல்லாமல் மாணவர்கள் காத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வானிலையையும் விசாரியுங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இருக்கிற இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாதமி மத்திய அரசின் பள்ளி, மதிப்புள்ள இடம். ஆனாலும் வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி என்றால் மூடுபனி. பறக்கும் நேரத்தைக் கூட்ட அவர்கள் மகாராஷ்டிராவின் கோண்டியாவிலும் பயிற்சி நடத்தினார்கள். நீங்கள் பார்க்கிற பள்ளி அப்படி என்ன ஏற்பாடு செய்கிறது என்று கேளுங்கள்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2025இல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிட்டது. அந்த முதல் பட்டியலில் உச்சியில் உள்ள இரண்டு தரத்திலும் ஒரு பள்ளிகூட இல்லை. பட்டியலைப் பாருங்கள், அப்புறம் ஓடுதளத்துக்கும் போங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வெளிநாட்டுப் பயிற்சி பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவிலோ தென் ஆப்பிரிக்காவிலோ முடித்தாலும், இந்திய லைசென்ஸாக மாற்ற டிஜிசிஏ தேர்வுகளை எழுதியே ஆக வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் வேண்டும். முடிந்தவரை இங்கேயே எழுதிவிட்டுப் போங்கள். எங்கே சேர்ந்தாலும், மருத்துவப் பரிசோதனையில் 'கிளாஸ் 1' என்கிற முதல் வகுப்புச் சான்று கைக்கு வருமுன் பெரிய தொகை எதையும் கட்டாதீர்கள்.

வணக்கம்.