50 டாலர் மேடை

வணக்கம். அமெரிக்காவில் 1940-களில் தொடங்கி அறுபதுகளின் நடுப்பகுதி வரை ஓடிய நாட்டுப்புற இசை எழுச்சியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பேச்சு வந்தாலே, 1965-ல் பாடகர் பாப் டிலன் மின்சார கிட்டாரோடு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மேடையேறிச் சர்ச்சையைக் கிளப்பிய கதைக்குத்தான் எல்லாரும் ஓடுவார்கள். எனக்கு அது சலித்துவிட்டது. அதே விழாவில் எனக்குப் பெரிதாகப் படுவது சம்பளக் கணக்கு. 1963-லிருந்து அங்கே பெரிய நட்சத்திரமானாலும் சரி, வெளியுலகம் கேள்வியே படாத கிராமத்துப் பாடகரானாலும் சரி, எல்லாருக்கும் ஒரே 50 டாலர்தான், அதோடு வழிச்செலவு, சாப்பாடு, தங்க இடம். 1928-ல் இசைத்தட்டு போட்டுவிட்டு, அப்புறம் யாரும் தேடாமல் மிசிசிப்பியில் விவசாய வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜான் ஹர்ட், எழுபதைத் தொட்ட வயதில், அப்போது பெரிய நட்சத்திரமாக இருந்த ஜோன் பயஸ் பாடிய அதே விழாவில் பாடினார்.

என் கட்சி இதுதான்: அந்த எழுச்சியின் அரசியல் பாட்டு வரிகளில் இருந்ததைவிட, யார் மேடையேறுவது, யார் கைக்குப் பணம் போவது, பாட்டு யார் பெயரில் பதிவாவது என்பதில்தான் அதிகம் இருந்தது.

இந்த எழுச்சியின் முன்னணிப் பாடகர் பீட் சீகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955-ல், கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு, எந்தக் கூட்டத்தில் பாடினாய், யாருக்காகப் பாடினாய் என்று துருவியது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல முடியாது என்ற உரிமையைக் காட்டிப் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். சீகர் அதைச் செய்யாமல், ஒருவனுடைய அரசியலை இப்படிக் கேட்பதே தப்பு என்று நின்றார். 1961-ல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது, மறு வருஷம் மேல்முறையீட்டில் ரத்தானது. இதற்கிடையே தொலைக்காட்சிகள் கதவை அடைத்துவிட, மனிதர் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கல்லூரி, பள்ளி, குழந்தைகள் முகாம் என்று அலைந்து பாடினார். அடைத்தவர்கள் போட்ட கணக்கு தப்பிப்போனது, ஏனென்றால் அறுபதுகளில் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்த கூட்டமே அந்தக் கல்லூரிகளிலிருந்துதான் வந்தது. 1963-ல் ஏபிசி தொலைக்காட்சி இந்த இசைக்கென்றே ஒரு நிகழ்ச்சி தொடங்கி, சீகரை மட்டும் சேர்க்க மறுத்தபோது, பயஸ் உட்படப் பலர் நாங்களும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்காக இவர்களை மகான்களாக்கிவிட வேண்டாம். சீகரின் அப்பா வீட்டில் வேலைக்கு இருந்தவர் எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண். நாட்டுப்பாடல் சேகரிப்பவர்கள் நிறைந்த வீடு அது, ஆனாலும் அவரே ஒருநாள் அங்கிருந்த கிட்டாரை எடுத்து வாசிக்கும்வரை அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது! இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களின் கிட்டாரைத் தந்திகளை மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து, கனமான தந்திகளை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் மீட்டுவார். சின்ன வயதில் அவர் கட்டிய ‘ஃபிரைட் டிரெயின்’ என்ற பாட்டு இங்கிலாந்துக்குப் போய், வேறு ஆட்கள் பெயரில் பதிவாகி, 1957-ல் சக்கைப்போடு போட்டது. அப்புறம் போராடித்தான் அவர் பெயர் பாட்டில் ஏறியது. பழைய பாட்டு, யார் கட்டியதோ என்று சொல்லிவிடுவது எவ்வளவு வசதி பாருங்கள்.

கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டப் பாட்டான ‘வீ ஷல் ஓவர்கம்’ (நாம் வெல்வோம்) கதை இன்னும் சிக்கல். தேவாலயப் பாட்டாக இருந்ததை 1945-ல் தென் கரோலினாவில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள் மறியலில் பாடினார்கள். டென்னசியில் தொழிற்சங்கத்தாருக்குப் பயிற்சி கொடுத்த ஹைலேண்டர் பள்ளியில் இசைப் பொறுப்பிலிருந்த ஜில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றார், அவரிடமிருந்து சீகர். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ராத்திரி அந்தப் பள்ளிக்குள் போலீஸ் புகுந்து விளக்குகளை அணைத்தபோது, இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தங்களுக்குப் பயமில்லை என்று ஓர் அடியைச் சேர்த்துப் பாடினார்கள். அந்த அடி பாட்டோடு ஒட்டிக்கொண்டது. இப்படி ஆளாளுக்கு வளர்த்த பாட்டுக்குக் கடைசியில் பதிப்புரிமை வாங்கியது சீகர், ஹார்ட்டன் உள்ளிட்ட நாலு பேர் பெயரில், நாலு பேரும் வெள்ளையர்கள். வேறு யாராவது வியாபாரமாக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பதிவு செய்தோம் என்றார்கள், வருமானத்தையும் தெற்கிலுள்ள கறுப்பின மக்களின் வேலைகளுக்கான நிதிக்கே விட்டுக்கொடுத்தார்கள். இதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அந்தப் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள் ஒருவர் பெயரும் பத்திரத்தில் இல்லை. கடைசியில் இந்தப் பதிப்புரிமையை எதிர்த்து வேறு சிலர் வழக்குப் போட்டார்கள், 2018-ல் சமரசமாகி, பாட்டு பொதுச் சொத்தானது.