அம்மா எங்கே இருக்கிறாள் என்று பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் எழுந்து போகவேண்டி வந்தால் தயங்காமல் போய்விட்டு வாருங்கள். குழந்தைகளைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் குழந்தை சத்தம் போடுவது இடைஞ்சலே இல்லை.

மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஜப்பானிய அனிமேஷன் படங்களில் எதைக் காட்டலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தேதியில் ஆரம்பிக்கிறேன். 1988 ஏப்ரல் 16. அன்றைக்கு ஜப்பானியத் தியேட்டர்களில் கிப்லி ஸ்டூடியோவின் இரண்டு படங்கள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று ஹயாவோ மியாசாகி இயக்கிய 'என் பக்கத்து வீட்டு டோட்டோரோ'. இன்னொன்று இசாவோ தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை'. முதல் படத்தில் இரண்டு சிறுமிகள், ஒரு காடு, வயிறு பெருத்த ஒரு சாதுவான பிராணி. இரண்டாவது படம் போரில் அம்மாவை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் சாவதைச் சொல்கிறது. படம் தொடங்குவதே கோபே நகரத்து ரயில் நிலையத்தில் அந்தப் பையன் சாகும் காட்சியில்தான். ஒரே ஸ்டூடியோ, ஒரே டிக்கெட். அன்றைக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் 'கிப்லி படம் என்றால் போடலாம்', 'பொம்மைப் படம்தானே' என்ற இரண்டையும் நாம் விட்டுவிட வேண்டும். ஜப்பானில் அனிமேஷன் எல்லா வயதுக்காரர்களுக்கும் எடுக்கப்படுகிறது. நம் வீடுகளில் தமிழில் பேசிய ஷின்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதாபாத்திரத்துக்கு ஐந்து வயது. ஆனால் மூலக்கதை 1990-ல் பெரியவர்கள் வாசிக்கும் காமிக்ஸ் இதழில் தொடங்கியது. கதையில் குழந்தை இருப்பதாலேயே அது குழந்தைகளுக்கான கதை ஆகிவிடாது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? நாம் வழக்கமாகச் சண்டை இருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா, பேய் இருக்கிறதா என்று பார்ப்போம். பார்க்கவேண்டியதுதான். நானும் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் பேத்தி எனக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுக்கும்வரை.

அவளுக்கு அப்போது நாலு வயது. அவள் அம்மா இரண்டாவது பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான்தான் வீட்டில் துணை. டோட்டோரோவில் வில்லனே கிடையாது, சண்டை கிடையாது என்று நம்பிப் போட்டேன். பழைய வீட்டு மூலையிலிருந்து கரிப் பூச்சிகள் கும்பலாக ஓடும்போது கைதட்டினாள். டோட்டோரோ வாயைப் பிளந்து கத்தும்போது, அந்தப் பல்லையெல்லாம் பார்த்து நான் பயந்தேன், அவள் சிரித்தாள். பன்னிரண்டு கால் பூனை பஸ் வந்தபோது "இன்னொரு தடவை போடு தாத்தா" என்றாள். அப்புறம் ஒரு தந்தி வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து. வீட்டுக்கு வருவதாக இருந்த அம்மா வர முடியாமல் போகிறது. அக்கா சாட்சுகி அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று கதறுகிறாள்.

பேத்தி அழவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டாள், வலது இடது மாற்றி. "ஆஸ்பத்திரிக்குப் போலாம் தாத்தா" என்றாள். போனில் அம்மாவின் முகத்தைக் காட்டிய பிறகுதான் அன்று ராத்திரி சாப்பிட்டாள்.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். அடுத்த காட்சிகளை அவள் பார்க்கவில்லை. அடுத்து என்ன வருகிறது தெரியுமா? நாலு வயதுத் தங்கை மெய், ஒரு மக்காச்சோளக் கதிரை மார்போடு அணைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்கத் தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறாள். குளத்தில் ஒரு குழந்தைச் செருப்பு கிடைக்கிறது. பாட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு கும்பிட்டு முணுமுணுக்கிறாள். சாட்சுகி ஓடிவந்து பார்த்து, இது மெய்யின் செருப்பு இல்லை என்கிறாள். மியாசாகியின் அம்மா முதுகெலும்புக் காசநோயால் பல வருஷம் படுக்கையில் இருந்தவர். நாலு வயதுக் குழந்தை என்ன செய்யும் என்பது மியாசாகிக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து நான் எந்தப் படத்தையும் முதலில் தனியாகப் பார்த்துவிடுகிறேன். பார்க்கும்போது ஒரே ஒரு கேள்விதான். இந்தக் கதையில் அம்மாவோ அப்பாவோ எங்கே இருக்கிறார்கள்? கண்ணுக்கு மறைந்தால் எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறார்கள்? சின்னக் குழந்தைக்குப் பூதம் பெரிய விஷயமில்லை. அதன் பயமெல்லாம் அங்கேதான்.

இந்தக் கேள்வியோடு பார்த்தால் பல படங்கள் தானாகவே விலகிவிடும். 'ஸ்பிரிட்டட் அவே' 2001-ல் வந்தது, ஆஸ்கர் வாங்கியது. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அம்மாவும் அப்பாவும் பன்றியாகிவிடுகிறார்கள். பெற்றோர் மனிதர்களாகத் திரும்பக் கிடைக்கப் படம் முடியவேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல். மியாசாகி அதைப் பத்து வயதுப் பெண்களை மனதில் வைத்து எடுத்தார். பத்து வயதில் காட்டுங்கள். 'பிரின்சஸ் மோனோனோகே'யில் கை துண்டாகி விழுகிறது, அது இன்னும் பெரியவர்களுக்கு. 'கிகி'யில் பயமில்லை, ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் ஊர்விட்டுப் போய் வேலை பார்க்கும் கதையில் மூன்று வயதுக்கு என்ன இருக்கிறது? ஏழு வயதில் அருமையாக இருக்கும்.

'போன்யோ'வைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 2008-ல் வந்த படம். ஏறக்குறைய 1,70,000 ஓவியங்கள், கையால் வரைந்தவை. ஐந்து வயது சோசுகேவும், மனுஷியாக ஆசைப்படும் ஒரு மீன்குட்டியும். வெளியே புயல், கடல் பொங்குகிறது. உள்ளே அம்மா லிசா இரண்டு கிண்ணத்தில் நூடுல்ஸைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடி வைத்துக் காத்திருக்கச் சொல்கிறாள். மூடியைத் திறந்தால் ஆவியோடு முட்டையும் ஹாமும். வெளியில் உலகமே புரண்டாலும் அம்மா கையால் சூடாக ஒரு கிண்ணம் கிடைத்தால் போதும் என்று குழந்தை நினைப்பதை இப்படி வரைந்த இன்னொரு காட்சியை நான் பார்த்ததில்லை.

ஆனால் அதற்கு அப்புறம் லிசா, தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறாள், மகனைக் கட்டி அணைத்துச் சொல்லிவிட்டுத்தான். மறுநாள் அவளுடைய கார் வழியோரத்தில் காலியாக நிற்கிறது. சோசுகே "லிசா, லிசா" என்று கூப்பிட்டு அழுகிறான். அந்த இடத்தில் நீங்கள் குழந்தை பக்கத்தில் இருக்கவேண்டும். ஐந்து வயதுக்கு மேல் என்றால் தாங்கும். இன்னொன்று, அலை காரைத் துரத்தும் காட்சி. 2004 டிசம்பரைக் கண்ணால் பார்த்த நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்துப் பாட்டி வீட்டில் இருந்தால், அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பேரப்பிள்ளை ரசிக்கும். பாட்டியால் முடியாமல் போகலாம்.

மூன்று வயதுக்கு முதல் படமாக நான் சொல்வது 'பாண்டா கோபாண்டா'. 1972. தகஹாதா இயக்கம், மியாசாகி கதை. 34 நிமிஷம்தான். அந்த வருஷம் சீனா இரண்டு பாண்டாக்களைத் தோக்கியோவின் உவெனோ மிருகக்காட்சி சாலைக்குக் கொடுத்தது. ஊரே பாண்டா பாண்டா என்று கிடந்தபோது வந்த படம். மிமிகோவின் பாட்டி ஊருக்குப் போகிறாள், வீட்டுக்கு ஒரு குட்டிப் பாண்டாவும் அப்பாப் பாண்டாவும் வந்துவிடுகின்றன. மிமிகோ குட்டிக்கு அம்மாவாகிறாள், பெரிய பாண்டா அவளுக்கு அப்பா. கடைசியில் அப்பாப் பாண்டா மிருகக்காட்சி சாலைக்கு வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் ரயிலேறி வீட்டுக்கு வருகிறது! போன அப்பா திரும்பி வருகிறார். இதைவிட வேறு என்ன வேண்டும் ஒரு குழந்தைக்கு?

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். இரண்டிலிருந்து நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. டோட்டோரோ 86 நிமிஷம். அதை ஒரே மூச்சில் காட்டவேண்டிய அவசியமே இல்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தில், விதைத்த கொட்டைகள் ராத்திரியில் முளைத்துப் பெரிய மரமாகும் காட்சி வரும். விடிந்து பார்த்தால் மரம் இல்லை, சின்ன முளைகள் மட்டும். கனவுதான், ஆனால் கனவில்லை என்று இரண்டு பேரும் குதிக்கிறார்கள். அங்கே நிறுத்திவிடுங்கள். தந்தி அதற்கு அப்புறம்தான் வருகிறது. மீதியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

மொழி ஒரு தடையே இல்லை. சப்டைட்டில் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் தமிழில் கதை சொல்லுங்கள். மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காட்சியில் மட்டும் பேசாதீர்கள். முதுகில் தூங்கும் தங்கை, பக்கத்தில் வந்து நிற்கும் டோட்டோரோ, இரவல் குடைமேல் சொட்டும் தண்ணீர். அந்தச் சத்தத்தைக் குழந்தை கேட்கட்டும்.

இப்போது விளக்கை அணைத்துப் பாண்டா படத்தைப் போடப்போகிறோம். குழந்தைகளை முன்வரிசைக்குத் தனியாக அனுப்பவேண்டாம், உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இருட்டு பிடிக்காத பிள்ளைகளுக்காகப் பின்கதவைப் பாதி திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வராந்தாவில் பாய் விரித்திருக்கிறது.