என் பேரில் பற்று எழுதுங்கள்

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கல்லறைத் திருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காரைக்குடிப் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில் பூசைக் கருத்து நோட்டு, அதாவது யாருக்காகப் பூசையில் செபிக்க வேண்டும் என்று பெயர் எழுதும் நோட்டு, என் பொறுப்பு. மாலைப் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். கடன் தொல்லை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பையனின் தாய்.

"சார், என் பிள்ளைக்கு நரகம்தான்னு சொல்றாங்க. சாமி அவனை மன்னிக்க மாட்டாரா?"

நான் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "வாசல்ல உக்காந்து தெருவே கேட்க அவனை ஏசிட்டுப் போனாங்களே, அவங்களை சாமி கேட்காம விட்டுருவாரா?"

ஒரே மூச்சில் இரண்டும். மகனுக்கு இரக்கம் வேண்டும், அவனை ஏசியவர்களுக்குத் தீர்ப்பு வேண்டும். நாம்தான் இவை இரண்டையும் பட்டிமன்றத்து அணிகளைப் போல எதிரெதிரே உட்கார வைத்திருக்கிறோம். ஒலிபெருக்கி வைத்து அக்கினிக் கடலைக் காட்டுகிறவர்கள் ஒரு பக்கம். கடவுள் அன்பானவர், எதையும் கண்டுகொள்ள மாட்டார் என்று தட்டிக்கொடுக்கிறவர்கள் மறு பக்கம். அந்தத் தாயிடம் போய் இதில் எதைச் சொல்ல முடியும்?

அவருடைய முதல் கேள்விக்கு என்னால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்குக் கத்தோலிக்க அடக்கச் சடங்கை மறுத்த விதி 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இருந்தது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அது இல்லை. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்து 1992-ல் வெளியான மறைக்கல்வி ஏடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடும் மனவேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்கிறது. இதை ஒவ்வொரு பங்கிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெரியாததால் எத்தனை தாய்மார் தலைகுனிந்து நடக்கிறார்கள்!

இரண்டாவது கேள்விக்கு, என் அப்பாவிடம்தான் நான் போக வேண்டும்.

அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்த வீட்டு முகப்பில், அவருடைய சாய்வு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஒரு கொத்தனார் வந்து நின்றார். வீட்டில் சாவு, வாங்கிய 340 ரூபாயைக் கட்ட வழியில்லை. வீட்டுக்கார அம்மாவான ஆச்சி உள்ளிருந்து வந்து கேட்டார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விட்டுருங்க கணக்குப்பிள்ளை" என்றார். அப்பா பேனாவை எடுத்து, "தருமக் கணக்கில் எழுதிடட்டுமா ஆச்சி?" என்று கேட்டார். "அது சாமி பணம். அதுல கை வைக்கக் கூடாது. அவர் பேர்ல வரவு வச்சு, என் பேர்ல பற்று எழுதுங்க."

அப்பா எழுதினார். மை காய்கிறவரை பேரேட்டை மூடாமல் வைத்திருந்தார்.

அந்தக் கடன் எங்கும் மறைந்துபோகவில்லை. கொத்தனார் தோளிலிருந்து இறங்கி, ஆச்சியின் தோளில் ஏறிக்கொண்டது. நம் பாவக் கடனை இயேசு தன் தோளில் ஏற்றிக்கொண்டதுதானே சிலுவை. சிவபக்தையான அந்த ஆச்சியிடமிருந்துதான் எனக்கு அது புரிந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

கடவுளின் இரக்கத்தை நாம் காலாவதியான புரோநோட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். மூன்று வருஷம் புதுப்பிக்காமல் விட்டால் கோர்ட்டில் செல்லாது, அப்புறம் யாரும் கேட்க முடியாது என்பதுபோல. வராத கடன் வேறு, மன்னித்த கடன் வேறு. மன்னிக்கிறவர் முழுத் தொகையையும் பார்த்துவிட்டுத்தான் மன்னிக்கிறார். தீர்ப்பு என்பது அந்தப் பார்வைதான்.

இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்றுதான் சீர்திருத்த சபையாரின், அதாவது புராட்டஸ்டண்டுகளின், பழைய வேதாகமத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர்களான நாங்கள் 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்கிறோம். பொறுப்பது என்றால் சுமப்பதும்தானே. நிலம் பொறுக்கிறது, தூண் பொறுக்கிறது. மன்னிப்புக்கும் சுமப்பதற்கும் ஒரே சொல்லைக் கொடுத்த மொழியில் செபிக்கிறோம். அது நமக்குக் கிடைத்த பேறு.

பைபிளில் மத்தேயு நற்செய்தி 18-ம் அதிகாரத்தில் வரும் உவமையும் ராஜா கணக்குப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. ஊழியனின் கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி, ஆக மொத்தம் 6 கோடி நாள் கூலி. ராஜா விட்டுவிடுகிறார். அதே ஊழியன் வெளியே போய், தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டியவன் கழுத்தை நெரிக்கிறான். நூறு தெனாரியம் என்பது நூறு நாள் கூலி. நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கு அது எவ்வளவு என்று நன்றாகத் தெரியும். ராஜாவின் கோபம் அங்கேதான் எழுகிறது, பெரிய கடனுக்காக அல்ல. கந்துவட்டிக்குக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை மெதுவாக வாசிக்க வேண்டும். திருச்சபை மன்னிப்பின் ஆண்டாகக் கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டில், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யும்படி திருத்தந்தை பிரான்சிஸ் பணக்கார நாடுகளைக் கேட்டுக்கொண்டார். நாடுகளுக்குச் சொன்னது நம் தெருவுக்கும்தான்.

அதனால் அந்தத் தாயிடம் சொன்னேன்: "கேட்பார் அம்மா. உங்க பிள்ளை பட்ட அவமானத்துக்குக் கணக்கு இருக்கு." தீமை செய்தவரும் அதை அனுபவித்தவரும் எதுவுமே நடக்காததுபோல விண்ணக விருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று திருத்தந்தை 16-ம் பெனடிக்ட் 2007-ல் எழுதினார். அதையும் என் வார்த்தையில் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மகன் பெயரைச் சொன்னார். நோட்டில் எழுதினேன். படி இறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

"வசூலுக்கு வந்த அந்தத் தம்பிக்கும் சின்ன வயசுதான் சார். அவனுக்கும் எழுதணுமா?"

"இப்ப வேண்டாம்மா. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப வாங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.