மிலாறும் சுற்றறிக்கையும்

நேயர்களுக்கு வணக்கம். இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மார் சொல்வார்கள்: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க மாஸ்டர்." உரிக்காத குறைதான். பிரம்பு முறிந்தால், தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட கவ்வாத்து மலையிலிருந்து பையன்களே மிலாறு, அதாவது தேயிலைக் குச்சி, ஒடித்து வருவார்கள், தோலைச் சீவி, கணுவைத் தேய்த்து. அடி வாங்கப் போகிறவனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான்.

அடிப்பது என் உரிமை என்றே நினைத்தேன். சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லியிருந்தது. வெள்ளைக்காரன் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில், 341ஆம் பிரிவின் கீழ் ஓர் உதாரணம்: ஆசிரியர் நியாயமான அளவில் மாணவனை அடித்தால் அது குற்றமல்ல. 1939ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமோ, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் 71ஆம் பிரிவிலேயே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் விலக்கு வைத்தது.

நீதிமன்றங்கள் விதித்துவந்த கசையடியை 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் ஒழித்தது. களவெடுத்தவன் முதுகு தப்பியது. வாய்ப்பாடு மறந்தவனுக்கு அதே ஆண்டு கிடைத்தது கல்வியமைச்சின் சுற்றறிக்கை, 17ஆம் இலக்கம். அடிக்கக் கூடாது என்றது. ஆனால் சுற்றறிக்கையால் சட்டத்தைத் திருத்த முடியாதே! எங்கள் பாடசாலையில் அது கோப்புக்குள் போனது; பிரம்பு அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று வந்தது. ஆசிரியர் அறைந்ததில் தெற்கில் ஒரு மாணவனுக்குக் காது பழுதாகியிருந்தது. சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடுக்கும், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டிருக்கிறது, ஆசிரியர் 150,000 ரூபாயும் அரசு 500,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அறைந்த கன்னங்கள் எத்தனை?

இப்படி நியாயம் கேட்க, அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும், அதுவும் கொழும்பில். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணைக் காலம் கணக்கில் வராது. உடனடி உதவிக்கு சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது. இதையெல்லாம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், மாஸ்டரிடம் அடிபட்ட பிள்ளையின் தாய் ஒருத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேரை, அதாவது அன்றைய நாட்கூலியை, விட்டுவிட்டு வந்திருந்தாள், விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"தோட்டத்துல பெட்டிசம் எழுதத் தெரிஞ்சவரே அந்த மாஸ்டர்தானுங்களே."