நான்கு ஸ்வரங்களுக்காக நாலு நிமிடம் காக்க வைக்கும் ஆல்பம்

வணக்கம் நண்பர்களே. புரோகிரசிவ் ராக் பற்றிப் பேசச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே சிலருக்குக் கொஞ்சம் பயம். பாட்டு இருபது நிமிடம் ஓடும், தாளம் பிடிபடாது, கீபோர்டுக்காரர் தன் விரல் வேகத்தைக் காட்டிவிட்டுத்தான் ஓய்வார் என்று. அந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மைதான். அதனால்தான் இன்றைக்கு பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தை எடுத்துக்கொண்டேன். 1975 செப்டம்பரில் வந்தது. ஐந்தே டிராக், சுமார் 44 நிமிடம். இதில் யாரும் வித்தை காட்டவில்லை. ஐம்பது வருஷம் கழித்தும் இது பழசாகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

முதல் டிராக்கையே எடுங்கள். 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. ஆரம்பத்தில் குழுவின் கீபோர்டுக்காரர் ரிக் ரைட்டின் சிந்தசைசர் மட்டும் நீளமாகக் கார்வை பிடித்து நிற்கிறது. அதற்கு அடியில் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் ஈர விரலைத் தேய்த்த மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். மாதிரி இல்லை, உண்மையிலேயே ஒயின் கோப்பைகள்தான். இதற்கு முந்தைய ஆல்பமான 'டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973-இல் உலகம் முழுக்க ஓடு ஓடு என்று ஓடியது. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், வாத்தியமே இல்லாமல் ரப்பர் பேண்டு, கோப்பை போன்ற வீட்டுச் சாமான்களை வைத்து ஒரு ஆல்பம் போடலாம் என்று இறங்கினார்கள். அது தேறவில்லை. அதில் மிஞ்சிய கோப்பைச் சத்தத்தை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்புறம் டேவிட் கில்மோரின் கிட்டார் அவசரமே இல்லாமல் நுழைகிறது. கிட்டத்தட்ட நாலாவது நிமிடத்தில் எல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் நான்கு ஸ்வரங்களை வாசிக்கிறது. பி ஃபிளாட், எஃப், ஜி, ஈ. அவ்வளவுதான். கிட்டார் கற்க ஆரம்பித்த பையன்கூட வாசித்துவிடுவான். கடைசி ஸ்வரம் மட்டும் காது எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல் அந்தரத்தில் தொங்குகிறது. அது தானாகத் தேய்ந்து அடங்கும்வரை யாரும் குறுக்கே வருவதில்லை. திரும்பவும் அதே நான்கு. 1974-இல் ஒத்திகையில் கில்மோர் தற்செயலாக வாசித்தது இது. அங்கிருந்துதான் பாட்டு முழுவதும் முளைத்தது. பாடுகிற குரல் வருவதற்குள் எட்டரை நிமிடம் போய்விடுகிறது. இன்றைக்கு முதல் ஐந்து நொடியில் கேட்பவரைப் பிடிக்கவில்லை என்றால் கதை முடிந்தது என்கிறார்கள். இந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

அந்தக் குரல் பாடுவது சிட் பேரட்டைப் பற்றி. கேம்பிரிட்ஜ்காரர். இந்த இசைக்குழுவின் முதல் பாடலாசிரியர், முதல் பாடகர், முதல் கிட்டார்காரர் எல்லாம் அவர்தான். போதை மருந்தும் மனநலச் சிக்கலும் சேர்ந்து, 1968-இல் குழுவை விட்டுப் போக வேண்டியதாகிவிட்டது. அவர் இடத்துக்கு வந்தவர்தான் கில்மோர். ஆக, ஒருவர் விட்டுப்போன இடத்தில் நிற்பவரே அவருக்காக கிட்டார் வாசிக்கிறார்.

1975 ஜூன் 5 அன்று என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த, நன்றாக உடம்பு போட்ட ஒருவர் வந்து நின்றார். யாரோ ஸ்டூடியோ ஆள் போலிருக்கிறது என்று முதலில் விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிட் என்று உறைத்தது. குழுவின் பேஸ் கிட்டார்காரர் ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார். இதை அமானுஷ்யம், விதி என்றெல்லாம் ஊதிப் பெருக்கிச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அதில் ஆர்வமில்லை. சிட் வருவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்பே இந்தப் பாட்டை மேடையில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இசையின் சோகம் அந்த ஒரு நாளில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல.

நடுவில் உள்ள இரண்டு பாட்டுகள் இசை வியாபாரத்தின் மீதான கோபம். 'வெல்கம் டு த மெஷின்' சிந்தசைசரின் துடிப்பிலேயே நகர்கிறது. 'ஹேவ் எ சிகார்' பாட்டைப் பாடியவர் குழு ஆளே இல்லை. வாட்டர்ஸுக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை, கில்மோருக்கு அந்த வரிகளைப் பாட மனமில்லை, அதே கட்டடத்தில் ஒலிப்பதிவில் இருந்த பாடகர் ராய் ஹார்ப்பரைக் கூப்பிட்டுப் பாடவைத்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த ஆல்பத்தில் கொஞ்சம் வயசாகிப்போனதாகத் தெரிவது இந்தப் பாட்டு மட்டும்தான். திட்ட விரும்பிய பிறகு மரியாதை பார்க்காமல் திட்டுவது ஒன்றும் பெரிய கலை இல்லையே.

ஆனால் அதன் முடிவு இருக்கிறதே, அதை ஹெட்போனில் கேளுங்கள். ஓங்கி ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டு சட்டென்று சுருங்கி, சின்ன ரேடியோவிலிருந்து வருவது போலாகிவிடும். யாரோ ஸ்டேஷன் மாற்றுகிறார்கள். கரகரப்பு, பேச்சுக் குரல்கள், சாய்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனியில் ஒரு துண்டு. கில்மோரின் கார் ரேடியோவிலிருந்து பதிவு செய்தது அது. பிறகு அந்த ரேடியோவுக்குள்ளேயே பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒன்று மெல்லியதாகக் கேட்கிறது. ஒருவர் இருமுகிறார், மூக்கை உறிஞ்சுகிறார். இன்னொரு கிட்டார் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது போல முழு ஒலியோடு சேர்ந்துகொள்கிறது. அறையில் தனியாக இருக்கும் ஒருவன் ரேடியோவில் வரும் பாட்டோடு சேர்ந்து வாசிக்கிறான். இப்படித் தொடங்கும் தலைப்புப் பாடல் 'விஷ் யூ வேர் ஹியர்' சொல்லவந்த தனிமையை, வரி தொடங்கும் முன்பே ஒலிப்பதிவு சொல்லிவிடுகிறது.

அட்டையையும் விட முடியாது. ஆல்பம் அட்டைகளை வடிவமைத்த ஹிப்னோசிஸ் நிறுவனத்தின் வேலை. இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள், ஒருவர் உடம்பு எரிகிறது. கம்ப்யூட்டர் வேலை இல்லை, கலிஃபோர்னியாவில் ஸ்டண்ட் கலைஞர் ரோனி ரோண்டெல்லை நிஜமாகவே கொளுத்தி எடுத்த படம். காற்று திசை மாறியதில் அவர் மீசை பொசுங்கியது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தைக் கறுப்பு பிளாஸ்டிக் உறையில் மூடித்தான் கடைக்கு அனுப்பினார்கள்!

வந்த புதிதில் சில விமர்சகர்கள் 'சோம்பலாக இருக்கிறது' என்றார்கள். கில்மோரும் ரைட்டுமோ, தங்கள் ஆல்பங்களில் தங்களுக்குப் பிடித்தது இதுதான் என்று பின்னாளில் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று. தலைப்புப் பாடலுக்கு ஸ்டெஃபான் கிராப்பெல்லி வயலின் வாசித்தார். ஜாஸ் வயலினில் அவருக்கு மேல் யார்? ஆபி ரோட்டில் வயலின் மேதை யெஹுதி மெனுஹினோடு பதிவுக்காக வந்திருந்தவரைப் பிடித்து வாசிக்கவைத்தார்கள். பிறகு கலவையில் கேட்கவே கேட்காத அளவுக்கு அடக்கிவிட்டார்கள். பெயரும் போடவில்லை. அந்த வயலினோடு கூடிய பதிவு 2011-இல் வெளியானது. தேடிக் கேட்டுப் பாருங்கள், அருமையாக வாசித்திருக்கிறார். அருமையாக வாசித்திருப்பதுதான் பிரச்சினை. அந்த அறையில் திடீரென்று ஒருவர் துணைக்கு வந்துவிடுகிறார், பாட்டின் தனிமை போய்விடுகிறது. வயலினை அடக்கியது சரி என்பேன் நான். இல்லை, வயலின் இருந்திருக்க வேண்டும் என்பவர்கள் கமென்ட்டில் வாருங்கள், சண்டை போடலாம்.