புறாவைப் போருக்கு அனுப்பியவர்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் சிறந்த சிறுவர் நூலுக்கு நூலகர்கள் சேர்ந்து கொடுக்கும் நியூபெரி பதக்கம் 1922-இல் தொடங்கியது. 1928-லேயே அது ஒரு வங்காளிக்குப் போய்விட்டது. அவர் பெயர் தன்கோபால் முகர்ஜி. நம்மூரில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

1890-இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தொழில்படிப்புக்காக ஜப்பான் போனார், அது ஒத்துவரவில்லை, அங்கிருந்து கப்பலேறி 1910-இல் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கினார். கையில் காசில்லை. வீட்டு வேலை, பாத்திரம் கழுவுவது, கலிபோர்னியா வயல்களில் கூலி என்று கிடைத்ததையெல்லாம் செய்துகொண்டே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அப்புறம் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1914-இல் பட்டம் வாங்கினார். அண்ணன் ஜாதுகோபால் இங்கே வெள்ளைக்காரனை எதிர்த்த புரட்சிக்காரர். தம்பி அங்கே யானைக்கதை எழுதினார்.

ஆமாம், 1922-இல் வந்த ‘கரி’ ஒரு யானைக்குட்டியின் கதை. ஒன்பது வயதுப் பையனிடம் ஐந்து மாதக் குட்டியை வளர்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். அது வீட்டுக்குள் துதிக்கையை விட்டு வாழைப்பழம் திருடுகிறது, பழி பையன் தலையில் விழுகிறது! அந்தக் காலத்து ஆங்கிலப் புத்தகங்களில் இந்தியக் காடு என்றாலே துப்பாக்கியோடு ஒரு துரை வருவார். இவர் கதையில் யானையும் பையனும் சேர்ந்து வளர்கிறார்கள்.

பதக்கம் வாங்கியது 1927-இல் வந்த ‘கே-நெக்’ (Gay-Neck) என்ற புறாக்கதை. சித்ரக்ரீவன் என்ற கல்கத்தாப் புறா முதல் உலகப்போரில் இந்தியப் படையோடு பிரான்சுக்குப் போய்க் கடிதம் சுமக்கிறது. போர் முடிந்தால் வீரப்பறவை என்று கொண்டாடி முடித்திருக்கலாம் இல்லையா? முகர்ஜி அப்படிச் செய்யவில்லை. காயம் ஆறிய பிறகும் அது பறக்க மறுக்கிறது, பயம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. அதை இமயமலையில் ஒரு புத்த மடத்துக்குக் கொண்டுபோய், லாமா ஒருவர் மெல்ல மெல்லத் தேற்றுகிறார். போரிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயத்தை வீட்டில்கூடப் பேசத் தயங்கிய காலத்தில், அதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி ஒரு புறாவை வைத்துச் சொல்லிவிட்டார். எனக்கு அவர் எழுத்திலேயே பெரிய விஷயம் இதுதான்.

ஒரு குறையும் சொல்லணும். ஞானிகள், தியானம், பிரார்த்தனை எல்லாம் அவர் கதைகளில் கொஞ்சம் தூக்கல். இந்தியா என்றால் ஆன்மிகம் என்று எதிர்பார்த்த வாசகர்களுக்கு அதையே பரிமாறினாரோ என்று சில இடங்களில் தோன்றும்.

இதற்கிடையே 1923-இல், அமெரிக்காவில் குடியேறிய பகத்சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளுக்கு எழுதினால் பதக்கம், குடிமகனாகக் கேட்டால் கதவடைப்பு. சட்டம் மாறியது 1946-இல். முகர்ஜி அதற்குப் பத்து வருடம் முன்பே, 46 வயதில், நியூயார்க்கில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தார். வெகுநாளாக மனச்சோர்வு.

வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ‘கரி’யில் தொடங்குங்கள், சின்னப் புத்தகம். புறாக்கதையில் போர்ப்பகுதி கொஞ்சம் கனமானது, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே படியுங்கள், நடுவில் கேள்விகள் வரும்.