மலைக்கு யூனிட் கணக்குப் போடுங்க

நடுவரய்யாவுக்கும், பொள்ளாச்சி, கோபி, மேட்டுப்பாளையத்திலிருந்தெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவங்களுக்கும் வணக்கமுங்க. மலைப்பாதைக்கும் மண்தடத்துக்கும் எலக்ட்ரிக் கார் ஒத்து வருமா என்பது தலைப்பு. ஒத்து வரும் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் கேட்டார்: "ஊட்டி ஏறும்போதே சார்ஜ் மளமளன்னு இறங்குதே, எப்படித் திரும்புவீங்க?" இறங்குவது உண்மைதானுங்க. ஆனா அவர் கிலோமீட்டரை வச்சுக் கணக்குப் போட்டார். மலைக்கு யூனிட் கணக்குத்தான் போடோணும். நம்ம வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்.

ஆள், சாமானோடு 1,800 கிலோ இருக்கிற வண்டி 100 மீட்டர் உயரம் ஏற அரை யூனிட் வேணும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஏற்றத்துக்கு மட்டும் 9.5 யூனிட், சூடாகி வீணாவதைச் சேர்த்தால் 10.5. ஐம்பது கிலோமீட்டர் உருள இன்னொரு 5, 6. ஆக, மேலே போய்ச் சேர 16 யூனிட். 40 யூனிட் பேட்டரியில் இது பாதிகூட இல்லை. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிடுது. வழியில் உருளுவதற்கான செலவு போக, 2, 3 யூனிட் பேட்டரிக்குள் திரும்ப வரும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போக வர 10 யூனிட் போட்டாலும் மொத்தம் 24-ல் முடியுது. டீசல் வண்டி மலையிறங்கினால் டேங்கில் ஒரு சொட்டாவது ஏறுமா?

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஊட்டி லாட்ஜில் ராத்திரி 100 சதவீதம் ஏத்திட்டுக் காலையில் இறங்காதீங்க. தளும்பி நிற்கிற தொட்டியில் மறுபடி தண்ணி ஊத்த முடியுமா? பேட்டரி வாங்காது, மோட்டாரும் வண்டியை இழுத்துப் பிடிக்காது, கால் பிரேக்தான் முழுப் பாரத்தையும் சுமக்கோணும். 85-ல் நிறுத்துங்க. மார்கழிக் குளிரில் பேட்டரி செல் விறைச்சிருக்கும். 85-ல் இருந்தாலும் முதல் சில வளைவுகளில் பிடிப்பு குறைவாத்தான் இருக்கும். அங்கே மெதுவாப் போகோணும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் கருகுகிற வாடை தெரிஞ்சவங்களுக்கு இந்த மோட்டார் பிடிப்பின் அருமை புரியும்.

அடுத்து, "தண்ணிக்குள்ள கரண்டு வண்டியா?" என்றார் எதிரணித் தோழர். கோயம்புத்தூர்ல நின்னுட்டு இதைக் கேட்கலாமுங்களா? ஆயிரம் அடி போர்க்குழிக்குள் தண்ணியிலேயே கிடந்து ஓடுகிற மோட்டாரைச் செய்கிற ஊருங்க இது! அங்கே பல நேரம் முதலில் போவது எது? கேபிள் ஜாயின்ட். காரிலும் பார்க்க வேண்டியது ஜாயின்ட்டையும் சீலையும்தான். பேட்டரிப் பெட்டி ஐபி67 தரத்தில் இருந்தால் ஒரு மீட்டர் தண்ணியில் அரை மணி நேரம் தாங்கோணும். அதுக்காக ஆத்துல இறக்கிடாதீங்க. கம்பெனி சொன்ன ஆழத்துக்கு மேல் வேண்டாம். ஏறி வந்த சூட்டோடு தண்ணி ஓடுற பள்ளத்தில் இறக்கினால், உள்ளிருக்கிற காத்து சட்டுனு சுருங்கி, தேய்ஞ்ச சீல் வழியா ஈரத்தை இழுக்கும். கால் மணி நேரம் ஆறவிட்டு, நடக்கிற வேகத்தில் கடக்கோணும். பெட்ரோல், டீசல் இன்ஜின் காத்துக் குழாய் வழியா ஒரு முறை தண்ணி குடிச்சால் கனெக்டிங் ராடே வளைஞ்சிடும். மோட்டாருக்கு மூச்சே தேவையில்லையே!

இட்டேரி மண்தடத்திலும் அப்படித்தான். கல்லுமேல் சக்கரம் ஏறுகிற இடத்தில் கிளட்சைத் தேய்க்க வேண்டியதில்லை. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையும் வரும், கால் நுனியில் அளந்து கொடுக்கலாம். மேட்டில் வண்டியை நிறுத்தும்போது மட்டும் ஆக்சிலரேட்டரை மிதிச்சே பிடிச்சு வைக்காதீங்க. சுழலாத மோட்டாரில் மூணு பேஸுக்கும் மாறி மாறிப் போகாமல் கரண்டோட பாரம் ஒரே பேஸ்ல விழும். அதுக்குக் கரண்ட் கொடுக்கிற இன்வெர்ட்டர் சூடாகி, இழுவையைத் தானே குறைச்சுக்கும். பிரேக்கைப் பிடிங்க.

பாரம் அதிகம் என்று எதிரணி சொன்னதை ஒத்துக்கிறேன். 40 யூனிட் பேட்டரியே 250, 300 கிலோ வரும். மழை பெய்த கரிசலில் டயர் புதையும். 33 பி.எஸ்.ஐ-ல் இருக்கிற காத்தை 20-க்கு இறக்கினால் டயர் பரந்து மிதக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏத்த ஒரு சின்ன கம்ப்ரசர் போதும். அடிவயிற்றில் பேட்டரி இருப்பதால் கல் இடிக்கிற தடத்துக்குக் கெட்டியான அடித்தகடு கட்டாயம். இடி வாங்கிட்டா, ஓடுதேன்னு விட்டுடாமல் லிஃப்டில் தூக்கிப் பார்த்திடோணும். கரண்டே இல்லாத காட்டில் நாலு நாள் சுத்தறவங்களுக்கு இன்னிக்கு டீசல்தான் சரி, அதையும் மறைக்கலை.

ஆனா நம்ம பக்கத்து மலைகளில் அப்படி எத்தனை இடமுங்க? தங்குகிற விடுதியில் ஒரு 15 ஆம்பியர் பிளக் இருந்தால் மணிக்கு 3 யூனிட், ராத்திரி பத்து மணி நேரத்தில் 30 யூனிட் ஏறிடும். பழைய பங்களாக்களில் எர்த் சரியா இருக்காது, சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டு அடம் பிடிக்கும். ரூம் எடுப்பதற்கு முன்னாடி மல்ட்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வச்சுப் பாருங்க. ரெண்டு, மூணு வோல்ட் காட்டினால் பெரும்பாலும் ஏறும். இருபது, முப்பது காட்டினால் அடுத்த விடுதிக்குப் போயிடுங்க.